தீர்மானம் என்ற சொல்லும் அதன் கணக்கும்

கல்முனையிலிருந்து நடனமும் மிருதங்கமும் சேர்த்துப் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "பரத வகுப்பில் தீர்மானம் என்கிறார்கள். மிருதங்க வகுப்பில் மோரா, கோர்வை என்கிறார்கள். வர்ணம் படிக்கும்போது முத்தாய்ப்பு வருகிறது. ஊரில் கூத்துக்காரர் தாளந்தீர்த்தல் என்கிறார்கள். எல்லாம் முடிவுதானே? பிறகேன் இத்தனை பெயர்? தீர்மானம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?"

எல்லாம் முடிவுதான், ஆனால் ஒன்றல்ல. தீர்மானம் என்பது பொதுப்பெயர். கோர்வையும் மோராவும் தீர்மானத்தைக் கட்டும் வகைகள். முத்தாய்ப்பு வேறு வழியால் வந்து சேர்ந்த சொல். முதலில் சொல்லைப் பார்ப்போம். சொல் விளங்கினால் கணக்கு பாதி விளங்கிவிடும்.

அடிச்சொல் 'தீர்'. அது வெறும் நிற்றல் அல்ல. மழை நின்றது என்போம், மழை தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். கடன் தீர்ந்தது, பசி தீர்ந்தது, நேர்த்தி தீர்த்தாயிற்று, வழக்குத் தீர்ந்தது என்போம். இவை எல்லாவற்றிலும் ஒரு பாக்கி இருந்து, அது இல்லாமற் போகிறது. கடைக் கொப்பியில் எழுதிய பற்றை மாதக் கடைசியில் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது போலத்தான் தாளத்திலும். மிருதங்கக்காரரோ ஆடுபவரோ நேர்நடையை விட்டு ஐந்து, ஏழு, மூன்று என்று சொற்களைப் பிரித்து அடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து தாளத்துக்குக் கடன்படுகிறார். அந்தக் கடனை, தாளத்தின் சிறு அளவான மாத்திரையில் ஒன்று கூடாமலும் குறையாமலும் அடைத்து, பாட்டு எடுக்கும் இடத்தில் கொண்டுவந்து விடுவதே தீர்த்தல். எங்கோ ஓரிடத்தில் பலமாக ஒரு 'தொம்' போட்டு நிறுத்தினால் அது நிறுத்தல், தீர்மானம் அல்ல.

பின்பாதியான 'மானம்' தன்மானத்தில் வரும் மானம் அல்ல. வினையோடு சேர்ந்து பெயர்ச்சொல் ஆக்கும் ஈறு அது: வரு என்பதிலிருந்து வருமானம், பெறு என்பதிலிருந்து பெறுமானம், பிடி என்பதிலிருந்து பிடிமானம், கட்டு என்பதிலிருந்து கட்டுமானம். அந்த வரிசையில் தீர் என்பதிலிருந்து தீர்மானம். சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானமும் இதே சொல்தான். அங்கே தீர்வது பேச்சும் பிணக்கும், இங்கே தீர்வது மாத்திரை. ஆகவே, "நடனத்தில் தீர்மானம் என்றால் முடிவெடுத்தல்" என்று சில குறிப்புக் கொப்பிகளில் எழுதியிருப்பது பிழை. ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளில் ஒன்றை எடுத்து மற்றதற்குப் பொருளாக வைப்பது அது.

முத்தாய்ப்பின் கதை இன்னும் சுவையானது. இதை முத்தோடு சேர்த்து, முத்துப் பதித்தது போன்ற முடிவு என்று பொருள் சொல்வோர் பலர். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சொல் அந்த வழியால் வரவில்லை. வர்ணம் என்ற உருப்படியில் பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரும் சுரப்பகுதிக்கு முக்தாயி சுரம் என்று பெயர். அதைப் பாடி மீண்டும் பல்லவிக்கு வந்தால் வர்ணத்தின் முற்பாதி முடிந்தது. தெலுங்கில் முடித்துவைப்பதை முக்தாயிம்பு என்பார்கள், இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கும் சொல். அதற்குள் இருப்பது வடமொழியின் 'முக்த', அதாவது விடுபட்டது. தமிழ் வாயில் 'க்த' என்பது 'த்த' ஆகும்: முக்தி முத்தியானது, சக்தி சத்தியானது, ரக்தம் இரத்தமானது. அதே விதியில் முக்தாயி முத்தாய் ஆகி, முத்தாய்ப்பு ஆயிற்று. முத்துக்கும் வடமொழியில் 'முக்தா' என்ற பெயர் இருப்பதால்தான் இந்த மயக்கம். தெலுங்கு எப்படி இங்கே வந்தது என்றால், தஞ்சையில் நாயக்கர் காலம் தொட்டு மராத்தியர் காலத்திலும் அரசவை இசையில் தெலுங்கே மேலோங்கியிருந்தது. அந்த அவையில்தான் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்று நாம் ஆடும் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். கல்லடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இன்று பிள்ளைகள் ஆடும் அலாரிப்பு முதல் தில்லானா வரையான ஒழுங்கு அங்கிருந்து வந்தது. சொற்களும் கூடவே வந்தன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோர்வை என்பது கோப்பது, பூக்கோப்பது போல. அதற்கு இரண்டு பாகம் வேண்டும்: முன்பாகம் பூர்வாங்கம், பின்பாகம் உத்தராங்கம். மோரா என்பது பெரும்பாலும் ஒரே சொற்கட்டை, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களின் தொடரை, மூன்று தரம் சொல்லி முடிப்பது. மோகரா என்றும் சொல்வார்கள். இந்துஸ்தானி தபேலாவிலும் மோஹ்ரா என்ற பெயரில் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் முதல் இடத்தில், வந்து இறங்கும் சொற்கட்டு உண்டு. மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் பெரிய மோரா வைத்து, அதன்பின் கோர்வையை மூன்று தரம் வாசித்து, பாடுபவரிடம் பாட்டைக் கொடுப்பது வழக்கம். அறுதி என்பது அறு என்ற வினையின் பிள்ளை, ஓர் அடியை அறுத்துக் காட்டும் சிறு நிறுத்தம். வசனத்துக்கு அரைப்புள்ளி எப்படியோ அப்படி. அதைத் தீர்மானத்தோடு குழப்ப வேண்டாம்.

மூன்று தரம் ஏன் என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். கோயில் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். 'ஒரு தரம்' என்றதும் சனம் திரும்பிப் பார்க்கிறது, 'இரண்டு தரம்' என்றதும் காத்திருக்கிறது, 'மூன்று தரம்' என்றதும் விஷயம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. முதல் தரத்தில் காது சொற்கட்டைப் பிடிக்கிறது, இரண்டாவதில் இடைவெளியின் அளவைப் பிடிக்கிறது, மூன்றாவதில் அது எங்கே விழும் என்பதை விழுமுன்னரே அறிந்துகொள்கிறது. கடைசித் 'தொம்' விழும்போது சபை தன்னையறியாமல் தலையசைப்பது அதனால்தான்.

இனிக் கணக்கு. ஆதி தாளம், சதுச்ர நடை. ஒரு ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், 8 எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் 4 மாத்திரை, மொத்தம் 32. இந்த 32இல் அடங்கும் ஒரு சின்னக் கோர்வையை எடுத்துக்கொள்வோம்.

பூர்வாங்கம் 7, 5, 3:
தகதிமிதகிட – தகதகிட – தகிட

உத்தராங்கம், ஐந்தெழுத்துச் சொல் மூன்று தரம், இடையில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (சொல் இல்லாத வெறுமை, இங்கே காற்புள்ளி):
ததிங்கிணதொம் , ததிங்கிணதொம் , ததிங்கிணதொம்

பூர்வாங்கம் 7 + 5 + 3 = 15. உத்தராங்கம் 5 + 1 + 5 + 1 + 5 = 17. இரண்டும் சேர்ந்து 32. சமத்தில் தொடங்கினால் அடுத்த சமத்தில் பாட்டு எடுக்கலாம். பூர்வாங்கம் மாட்டின் வால் போலப் பருத்துத் தொடங்கிச் சிறுத்து வருவதால் அதைக் கோபுச்ச யதி என்பார்கள்.

தாளத்தில் இது இப்படி விழும்:

தட்டு: த க தி மி
சுண்டுவிரல்: த கி ட த
மோதிரவிரல்: க த கி ட
நடுவிரல்: த கி ட த
தட்டு: திங் கி ண தொம்
வீச்சு: , த திங் கி
தட்டு: ண தொம் , த
வீச்சு: திங் கி ண தொம்

நடுவிரலுக்குரிய நாலாவது மாத்திரையைக் கவனியுங்கள். உத்தராங்கத்தின் முதல் 'த' அங்கே விழுகிறது. ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டில் வருவது 'திங்'. பத்துக்கு எட்டு மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான் என்பேன். தட்டு பலமான இடம் என்பதால் கை தானாகவே 'த'வைத் தட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். அப்படி வைத்தால் ஒரு மாத்திரை கூடி, கடைசித் 'தொம்' சமத்தின் மேல் விழும், பாடுபவர் எடுக்கும் எழுத்தோடு மோதும். இதைத் திருத்த ஒரே வழி, வாத்தியத்தை வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டு, வாயால் சொற்கட்டைச் சொல்வது. நடுவிரலில் 'தகிடத' என்று நாலையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். பிறகு 'திங்' தட்டில் விழுவது இயல்பாகிவிடும்.

இந்தக் கோர்வையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் பல தாளங்களுக்கும் பல எடுப்புகளுக்கும் (பாட்டுத் தொடங்கும் இடங்களுக்கும்) இது பொருந்தும் என்பதே. எழுத்துகள் மட்டும் சேர்ந்து 15 + 15 = 30. மாறக்கூடியது இரண்டு கார்வைகள். ஒவ்வொரு கார்வைக்கும் ஒரு மாத்திரை கூட்டினால் மொத்தத்தில் இரண்டு கூடும்.

கார்வை 1 என்றால் 32: ஆதி, சம எடுப்பு. கார்வை 2 என்றால் 34: சமத்தில் தொடங்கினால் அடுத்த சமம் தாண்டி 2 மாத்திரையில் முடியும், அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டுக்குச் சரி. கார்வை 4 என்றால் 38: ஒன்றரை இடம், அதாவது 6 மாத்திரை தள்ளி எடுக்கும் பாட்டுக்குச் சரி. ரூபகத்தை 3 எண்ணிக்கையாக, 12 மாத்திரையாகப் போடுவோருக்குக் கார்வை 3 வைத்தால் 36, சரியாக 3 ஆவர்த்தனம். கண்டசாபு 10 மாத்திரை, கார்வையே இல்லாமல் 30 என்றால் 3 ஆவர்த்தனம். மிச்ரசாபு 14 மாத்திரை, கார்வை 6 என்றால் 42, அதுவும் 3 ஆவர்த்தனம். ஆனால் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு நடுவே ஆறு மாத்திரை வெறுமை தொய்வாக இருக்கும். மிச்ரசாபுக்கு வேறு கோர்வை தேடுவதே நல்லது.

இதிலிருந்து ஒரு விதியும் கிடைக்கிறது. ஒரு சொற்கட்டை மூன்று தரம் சொல்லி இரண்டு கார்வை வைக்கிறோம் என்றால், மொத்தம் = சொல் × 3 + கார்வை × 2. கார்வைகள் சேர்ந்து எப்போதும் இரட்டை எண்தான். ஆகவே மொத்தம் இரட்டையானால் சொல்லும் இரட்டையாக இருக்க வேண்டும். வெறும் ததிங்கிணதொம் ஐந்தை மூன்று தரம் வைத்துக்கொண்டு, சமத்திலிருந்து சமத்துக்கு, 32ஐ நிரப்ப முயன்றால் ஒரே அளவான எந்தக் கார்வையும் பொருந்தாது. முழு மாத்திரையில் அது நடக்காத காரியம். ஒற்றைப்படைச் சொல்லுக்கு முன்னால் ஒற்றைப்படைப் பூர்வாங்கம் வேண்டும், மேலே 15 வைத்தது அதற்காகத்தான். பூர்வாங்கம் இல்லாத மோராவாக 32ஐ நிரப்ப வேண்டுமா? 10 எழுத்தும் கார்வை 1உம், அல்லது 8 எழுத்தும் கார்வை 4உம் வையுங்கள். 10 × 3 + 2, 8 × 3 + 8, இரண்டும் 32.

சொற்கட்டை மூன்று தரம் வாசித்து முடிக்கும் இந்துஸ்தானி திஹாய் கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். திஹாயில் மூன்றாம் தரத்தின் கடைசி அடி சமத்தின் மேலேயே விழ வேண்டும். நம் கணக்கில் கடைசி எழுத்தின் மாத்திரையும் முடிந்த பிறகே எடுப்பு. அதாவது அங்கே சமம் தீர்மானத்துக்குச் சொந்தம், இங்கே எடுப்பு பாட்டுக்குச் சொந்தம். இரண்டையும் கலந்து எண்ணினால் எப்போதும் ஒரு மாத்திரை இடறும்.

கணக்குச் சரியாக இருந்தும் தீர்மானம் கெடுவது உண்டு. முதற் காரணம் ஓட்டம். முடிவு தெரிந்துவிட்டதால் கை விரையும், கார்வை சுருங்கும். எழுத்தை யாரும் விழுங்குவதில்லை, வெறுமையைத்தான் விழுங்குகிறார்கள். பயிலும்போது கார்வையில் வாய்க்குள் 'தாம்' என்று சொல்லி நிரப்புங்கள். 2 மாத்திரை என்றால் 'தா-ம்', 4 என்றால் 'தா-ஆ-ஆ-ம்'. அளவு நிலைத்த பிறகு ஓசையை விட்டுவிடலாம். இரண்டாவது, இரண்டு கார்வைகளும் சமமாக இல்லாமற் போவது. முதலாவது நிதானமாக வரும், இரண்டாவது அரை மாத்திரை குறையும், பிறகு அந்தக் குறையை மறைக்கக் கடைசித் 'தொம்'மை இழுப்பார்கள். கேட்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தட்டுப்பட்டது தெரியும். மூன்றாவது, பாடுபவருக்குச் சொல்லாமல் வைப்பது. தனி முடியும் இடத்தை அவர் அறிய வேண்டும். கோர்வையை மூன்று தரம் வாசிப்பதில் அந்த வசதியும் இருக்கிறது, முதல் இரண்டு தரத்தில் அவர் நீளத்தை அளந்துகொள்கிறார்.

நடனத்தில் தீர்மானம் என்ற பெயர் இன்னும் அகன்றது. ஆடுவதற்கான சொற்கட்டுத் தொடரான ஜதியின் கடைசித் துண்டுக்கும் அந்தப் பெயர், வர்ணத்தில் வரும் முழு ஜதிக்கும் அந்தப் பெயர். வர்ணத்தின் தொடக்கத்தில் மூன்று காலத்திலும் வருவது திரிகாலத் தீர்மானம். இது முடிவல்லவே, தொடக்கத்தில் வருவதற்கு ஏன் தீர்மானம் என்று கேட்டால், ஒவ்வொரு ஜதியும் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டு பாட்டின் அடிக்கு இடம் விடுகிறது என்பதே பதில். 'கிடதகதரிகிடதொம்', 'ததிங்கிணதொம்' சொற்களுக்கு ஆடும் அடவுகளை (அடிப்படை ஆட்ட அசைவுகளை)த் தீர்மான அடவு என்று அழைப்பதும் அதனால்தான், ஜதி முடியும் இடத்தில் அவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஆடுபவர் செய்யும் பொதுவான பிழை, கடைசித் 'தொம்'முக்கு அரைமண்டியில் (முழங்கால் மடித்த நிலையில்) இறங்காமல் நிமிர்ந்துவிடுவது. கடைசி எழுத்துக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரை உடலில் தெரிந்தால்தான் அடுத்த சமத்தில் பாட்டு வரும்போது கண் அதை ஒரு புதுத் தொடக்கமாக ஏற்கும்.

கூத்துக்கு வருவோம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டைச் சொல்ல, சல்லாரி என்ற கைத்தாளம் ஒலிக்க, ஆட்டக்காரர் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி ஆடி, தன் இடத்துக்கு வந்து முடித்து நிற்பதே தாளந்தீர்த்தல். சொல் அதே தீர்த்தல்தான், தெலுங்கின் வழியாக வரவேண்டிய தேவையே இல்லாமல் நேர்த் தமிழில் நிற்கிறது. ஆனால் தீர்க்கும் முறை வேறு. மிருதங்கக்காரர் முன்கூட்டியே எண்ணி, தொடங்கும் இடத்தைத் தேர்ந்துகொள்கிறார். அண்ணாவியாரோ ஆட்டக்காரரின் காலைப் பார்க்கிறார். ஆட்டக்காரர் இன்னும் கால்பங்கு வட்டம் வரவேண்டியிருந்தால் தாளக்கட்டை இன்னொரு தரம் சொல்லிக் கொடுக்கிறார், இடத்துக்கு வந்ததும் முடிப்புச் சொல்லைப் போடுகிறார். மாத்திரையோடு களரியின் சுற்றளவும் ஆளின் வேகமும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இதைக் குறைந்த கணக்கு என்று எண்ணுவது அறியாமை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்துகளைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபின், மேடையில் கூத்தாடும் இளையோர் பலர். வட்டக்களரியில் எல்லாப் பக்கமும் சனம், மேடையில் ஒரு பக்கம்தான். வட்டத்துக்குரிய தாளக்கட்டை அப்படியே மேடையில் ஆடினால், தீரும் இடத்தில் ஆட்டக்காரர் சபைக்கு முதுகு காட்டி நிற்க நேரும். சுற்றை அரைவட்டமாகக் குறைத்தால் தாளக்கட்டு எத்தனை தரம் என்பதையும் குறைக்க வேண்டும். ஆட்டத்தை மட்டும் வெட்டித் தாளத்தை வெட்டாமல் விட்டால், ஆட்டக்காரர் வந்து நின்ற பிறகும் மத்தளம் போய்க்கொண்டிருக்கும்.

தமிழில் முடிவுக்குப் பழைய பெயர்கள் இல்லையா என்றும் சிலர் கேட்பதுண்டு. நிறைய உண்டு. கலிப்பாவின் இறுதி உறுப்புச் சுரிதகம். அதற்கே வாரம், வைப்பு, போக்கியல், அடக்கியல் என்றும் பெயர். சம்பந்தர் பதிகத்தின் நிறைவுப் பாட்டுத் திருக்கடைக்காப்பு. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசைச்சொற்களை எவ்வளவு உழைத்து மீட்டெடுத்தார் என்பதை நினைத்தால், இந்தச் சொற்களை யாப்புப் பாடத்தோடு மட்டும் விட்டுவிடுவது நமக்கு நட்டம். ஆனால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இவை பாட்டின் முடிவைக் குறிக்கும் சொற்கள், தாளக் கணக்கின் முடிவைக் குறிப்பவை அல்ல. மங்களமும் வாழியும் அப்படித்தான். கச்சேரி முடிவில் பாடும் மங்களமும், கூத்தின் கடைசியில் பாடும் வாழியும் நிகழ்வை நிறைவு செய்கின்றன. அவற்றில் தீர்க்க வேண்டிய மாத்திரைக் கடன் எதுவும் இல்லை.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையிலோ பாடசாலைப் பரீட்சையிலோ தீர்மானம் பற்றி எழுத வந்தால், ஒரு வரி விளக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். தாளம் எது, நடை எது, எடுப்பு எங்கே என்று முதலில் எழுதுங்கள். பிறகு சொற்கட்டு, அதன் கீழே மாத்திரை எண், கார்வையைக் காற்புள்ளியால் குறித்து மொத்தம். கடைசியில் எட்டு எண்ணிக்கைக்கும் எட்டு வரியாகப் பிரித்துக் காட்டுங்கள். அந்த எட்டு வரியை எழுதும்போதே, கூட்டல் பிழைத்திருந்தால் கடைசி வீச்சில் ஒரு எழுத்து மிஞ்சியோ குறைந்தோ நிற்கும்.